செல்லின் கொழுப்பும் வைரஸின் நுழைவும்

சோப்பு போட்டுக் கைகழுவினால் கொரோனா வைரஸ் சிதைந்துவிடும் என்பதை 2020-இல் உலகமே கற்றுக்கொண்டது. ஆல்கஹால் கலந்த கிருமிநாசினியும் அதே வேலையைச் செய்யும். ஆனால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸும் போலியோ வைரஸும் அந்த ஆல்கஹாலுக்கு அவ்வளவு எளிதில் மசிவதில்லை. கொரோனா, இன்ஃப்ளூயன்சா, எச்.ஐ.வி., டெங்கு, சிக்குன்குனியா ஆகிய வைரஸ்களைச் சுற்றி மெல்லிய கொழுப்பு உறை இருக்கிறது. போலியோவுக்கும் நோரோவுக்கும் அது கிடையாது. புரதக் கூடு மட்டுமே உண்டு. சோப்பும் ஆல்கஹாலும் கொழுப்பு உறையைக் குலைத்துவிடுகின்றன. உறை குலைந்த வைரஸ் எதையும் தொற்ற முடியாமல் போகிறது. இதுவரை பலருக்கும் தெரியும். இதை அடுத்து எழ வேண்டிய கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்பதில்லை. துளி சோப்புக்கே தாங்காத ஓர் உறையை இந்த வைரஸ்கள் ஏன் சுமந்து திரிகின்றன? பலவீனத்தை மட்டும் தரும் ஓர் அமைப்பு இத்தனை வைரஸ் குடும்பங்களில் பரிணாமத்தைக் கடந்து நிலைத்திருக்காது. செல்லைக் கிழிக்காமல் அதிலிருந்து வெளியேற அந்த உறை உதவுகிறது என்பது ஒரு விடை. அடுத்த செல்லுக்குள் நுழைவதற்கான வழியே அந்தக் கொழுப்புதான் என்பது இன்னொரு விடை. இந்த இரண்டாவது விடையை விரித்துச் சொல்வதே இங்கு நோக்கம். வைரஸின் நுழைவைப் புரதங்களின் கதையாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். வைரஸின் புரதம் செல்லின் ஏற்பிப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது, உள்ளே போகிறது என்பதோடு பாடநூல் முடிந்துவிடும். பற்றிக்கொள்வது தொடக்கம் மட்டுமே. எந்த இடத்தில், எந்த நேரத்தில், நுழைவு நடக்குமா நடக்காதா என்பதைச் செல்லின் கொழுப்புகளும் சேர்ந்தே முடிவு செய்கின்றன என்பதற்கு அறிவியல் வலுவான சான்றுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது.

முதலில் அந்தக் கொழுப்பு எது என்று பார்த்துவிடுவோம். நீரில் கரையாத கொழுப்புத் தன்மையுள்ள மூலக்கூறுகளின் பெரிய குடும்பத்துக்கு லிப்பிடு என்று பெயர். தமிழில் கொழுமியம் என்றும் சொல்கிறார்கள். செல்லின், அதாவது உயிரணுவின், வெளிச்சவ்வைக் கட்டும் லிப்பிடுகளில் முதன்மையானது பாஸ்போலிப்பிடு. அதற்கு நீரை நாடும் தலை ஒன்றும் நீரை விலக்கும் வால்கள் இரண்டும் உண்டு. நீருக்குள் விட்டால் இவை தாமாகவே இரண்டு அடுக்குகளாக அணிவகுக்கும்; வால்கள் உள்பக்கம் ஒன்றையொன்று நோக்கி ஒளிந்துகொள்ள, தலைகள் இரு பக்கமும் நீரைப் பார்த்து நிற்கும். இதை எப்படிக் கண்டார்கள் என்பது சுவையானது. 1925-இல் ஹாலந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரென்டெல் என்ற இருவர் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, அதை நீர்ப்பரப்பில் ஒரே அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். சிவப்பணுவுக்குள் வேறு சவ்வுகள் கிடையாது என்பதால் கிடைத்த கொழுப்பெல்லாம் வெளிச்சவ்வுக்கே உரியது. அது பரவிய பரப்பு, அணுக்களின் மொத்த மேற்பரப்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. ஆகவே சவ்வு இரண்டு அடுக்கு. கொழுப்பு முழுவதையும் அவர்கள் பிரித்தெடுக்கவில்லை என்பதும், அணுவின் பரப்பையும் குறைவாகவே கணக்கிட்டார்கள் என்பதும் பின்னர் தெரியவந்தன. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் விடை சரியாக வந்தது. அவர்கள் சொன்ன ஈரடுக்கைப் பிற்கால ஆய்வுகள் வேறு வழிகளில் உறுதிசெய்தன. அதன் தடிமன் சுமார் 5 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு.

இந்த ஈரடுக்கு இறுகிய சுவர் கிடையாது. அதன் மூலக்கூறுகள் ஓயாமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. இதை மெய்ப்பித்த சோதனைக்கு உதவியதே ஒரு வைரஸ்தான். 1950-களில் ஜப்பானின் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா, செண்டாய் வைரஸைச் சேர்த்தால் தனித்தனிச் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே பெரிய செல்லாவதைக் கண்டார். அந்தத் திறனைப் பயன்படுத்தி 1970-இல் அமெரிக்காவின் ஃபிரையும் எடிடினும் ஒரு மனிதச் செல்லையும் ஓர் எலிச் செல்லையும் இணைத்தார்கள். மனிதச் சவ்வின் புரதங்களுக்கு ஒரு நிறமும் எலிச் சவ்வின் புரதங்களுக்கு வேறு நிறமும் ஒளிரும்படி அடையாளமிட்டிருந்தார்கள். இணைந்த உடன் பாதி ஒரு நிறம், பாதி மறு நிறம். உடல் வெப்பநிலையில் 40 நிமிடம் போனதும் இரு நிறங்களும் முழுக்கக் கலந்துவிட்டன. குளிரவைத்தால் கலப்பு நின்றது. செல்லின் ஆற்றல் உற்பத்தியைத் தடுத்தபோதும் கலப்பு தொடர்ந்தது. ஆகவே புரதங்களை யாரும் இழுத்துச் செல்லவில்லை; அவை கொழுப்பில் மிதந்து பரவின. சவ்வு ஒரு திரவப் படலம் என்ற கருத்து இத்தகைய சான்றுகளின் மேல்தான் 1972-இல் சிங்கர், நிக்கல்சன் இருவரின் கோட்பாடாக நிலைபெற்றது. வைரஸ் இல்லாமல் அந்தச் சோதனையே இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு சவ்வுகளை ஒன்றாக்கும் வித்தை வைரஸ்களுக்கு அவ்வளவு கைவந்தது.

சவ்வெல்லாம் ஒரே கலவையும் கிடையாது. வெளிச்சவ்வில் கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிடு என்ற வகையும் நிறைய உண்டு. செல்லுக்குள் இருக்கும் பல சவ்வுகளில் அவை குறைவு. கொலஸ்ட்ரால் மற்ற லிப்பிடுகளின் வால்களுக்கிடையில் புகுந்து அவற்றை நெருக்கமாக அடுக்குகிறது. சவ்வின் தடிமனும் விறைப்பும் அதனால் மாறுகின்றன. ஒரே சவ்வின் இரண்டு அடுக்குகளிலும்கூட வேறுபாடு உண்டு. பாஸ்பட்டிடைல்செரின் என்ற லிப்பிடு ஆரோக்கியமான செல்லில் உள்ளடுக்கிலேயே நிறுத்தி வைக்கப்படும். செல் சாகும்போது அது வெளியடுக்குக்கு வந்து தெரியும். ஆக, ஒரு சவ்வின் கொழுப்புக் கலவையைப் படித்தால் அது செல்லின் எந்தப் பகுதி, என்ன நிலையில் இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். வைரஸ்கள் இதைப் படிக்கும்படி பரிணமித்திருக்கின்றன. தம் உறையையும் அவை சொந்தமாகத் தயாரிப்பதில்லை. செல்லிலிருந்து மொட்டுவிட்டு வெளியேறும்போது செல்லின் சவ்வையே சுற்றிக்கொண்டு போகின்றன. கையில் கிடைத்த பகுதியைச் சுற்றிக்கொள்வதும் இல்லை. ஹைடெல்பர்க் ஆய்வாளர்கள் 2006-இல் எச்.ஐ.வி.யின் உறையிலுள்ள லிப்பிடுகளை வகைவகையாக எண்ணிப் பார்த்தபோது, அது பிறந்த செல்லில் உள்ளதைவிடக் கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோமைலின் என்ற ஸ்பிங்கோலிப்பிடும் மிகுந்திருக்கக் கண்டார்கள். வைரஸின் உறையிலிருந்து கொலஸ்ட்ராலை உறிஞ்சி எடுத்தால் அதன் தொற்றும் திறன் வீழ்ந்துவிடுகிறது.

இனி நுழைவுக்கு வருவோம். ரசத்தின் மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகளைக் கரண்டியால் அருகருகே தள்ளினால், அவை சற்று நேரம் தொட்டும் தொடாமலும் நிற்கும். பிறகு சட்டென்று ஒன்றாகிவிடும். இரண்டும் எண்ணெய், சேர்வதில் இயல்பான விருப்பம் இருக்கிறது. அப்படியும் ஏன் தயங்குகின்றன? இடையில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் காரணம். அது விலகும் வரை சேர்க்கை இல்லை. வைரஸின் உறையும் செல்லின் சவ்வும் சந்திக்கும்போது நடப்பதும் இதுவே, ஆனால் இன்னும் கடினமாக. சவ்விலுள்ள லிப்பிடுகளின் தலைகள் நீரை இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. இரண்டு சவ்வுகளை ஒன்றின் மேல் ஒன்று அழுத்த வேண்டுமென்றால் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்ற வேண்டும். பின்பு ஒழுங்காக நின்ற அடுக்குகளை வளைத்து ஒன்றோடொன்று கலக்க வேண்டும். அதற்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைத் தருவது வைரஸின் இணைவுப் புரதம். இன்ஃப்ளூயன்சாவின் ஹீமக்ளூட்டினின் புரதத்தின் வடிவத்தை வில்சன், ஸ்கெஹல், வைலி மூவரும் 1981-இல் வெளியிட்டார்கள். அமிலத்தில் பட்டபின் அதே புரதம் எடுக்கும் வடிவம் 1994-இல் தெரியவந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் புரதத்தின் உள்ளே மடங்கியிருந்த ஒரு முனை வெளியே நீண்டு செல்லின் சவ்வில் குத்திக்கொள்வதும், பின்பு புரதம் தன்மேலே மடிந்து இரு சவ்வுகளையும் அருகே இழுப்பதும் புரியும். புரதத்தின் வேலை அதோடு ஏறக்குறைய முடிகிறது. கலக்க வேண்டியவை லிப்பிடுகள்.

அப்படிக் கலப்பது ஒரே தாவலில் நடப்பதில்லை. முதலில் இரு சவ்வுகளின் வெளியடுக்குகள் மட்டும் ஒன்றாகும்; உள்ளடுக்குகள் தனித்தே நிற்கும். இதை அரை இணைவு என்று சொல்லலாம். பிறகு உள்ளடுக்குகளும் சேர்ந்து ஒரு துளை திறக்க, அதன் வழியே வைரஸின் மரபுப்பொருள் செல்லுக்குள் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த இடைநிலை உண்மையிலேயே இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? இரண்டு வகைச் சாயங்களைப் பயன்படுத்தினார்கள். ஒன்று கொழுப்பில் கரைவது. மற்றது நீரில் கரைந்து செல்லின் உள்ளே நிற்பது. முழு இணைவு நடந்தால் இரண்டுமே மறுபக்கம் போகும். ஜூடித் வைட்டின் ஆய்வுக்குழு 1994-இல் ஹீமக்ளூட்டினினின் அடிப்பகுதியை வெட்டிவிட்டு, வெளியடுக்கில் மட்டும் பதியும் ஒரு கொழுப்பு வாலில் அதை ஒட்டவைத்தது. அந்தப் புரதம் சவ்வுகளை இழுத்தது; கொழுப்புச் சாயம் மறுபக்கம் பரவியது; நீர்ச் சாயம் ஒரு துளியும் போகவில்லை. இணைவு பாதியில் நின்றுவிட்டது. இரண்டாவது சான்று லிப்பிடுகளின் வடிவத்திலிருந்து வருகிறது. இரண்டு வால்களில் ஒன்றை இழந்த லைசோலிப்பிடு தலை பெருத்து அடி குறுகியிருக்கும். அது வெளியடுக்கில் சேர்ந்தால் அரை இணைவுக்கு வேண்டிய திசையில் சவ்வு வளைய மறுக்கும். லியோனிட் செர்னோமோர்டிக்கும் உடனிருந்தோரும் 1993-இல் வெளியிட்ட சோதனைகளில், லைசோலிப்பிடைச் சேர்த்ததும் இணைவு நின்றது. கழுவி அகற்றியதும் மீண்டும் நடந்தது. கால்சியத்தால் தூண்டப்படும் இணைவு, அமிலத்தால் தூண்டப்படும் இணைவு என்று முற்றிலும் வேறுபட்ட புரதங்கள் நடத்தும் நிகழ்ச்சிகள் அனைத்தையும் அது ஒரேபோல் நிறுத்தியது. தொடங்கி வைக்கும் புரதம் எதுவானாலும், நடுவில் கடக்க வேண்டிய படி லிப்பிடுகளுடையது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். லிப்பிடு இல்லாமல் சவ்வே இல்லை. ஆகவே இணைவில் லிப்பிடு பங்கேற்கிறது என்பது தெரிந்ததைத் திரும்பச் சொல்வதாகாதா? குறிப்பிட்ட ஒரு லிப்பிடு இருந்தால் நுழைவு, இல்லையென்றால் இல்லை என்று காட்டினால்தானே கொழுப்புக்கு முடிவு செய்யும் அதிகாரம் உண்டென்று ஏற்கலாம்? அப்படிக் காட்டிய ஆய்வுகள் உண்டு. அதற்குப் பெரிதும் உதவியது செம்லிகி காட்டு வைரஸ். 1942-இல் உகாண்டாவின் செம்லிகி காட்டுக் கொசுக்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இது, நம் ஊரை 1964-இலும் 2006-இலும் முடக்கிப்போட்ட சிக்குன்குனியா வைரஸின் நெருங்கிய உறவு. ஆரி ஹெலனியஸும் கை சைமன்ஸும் உடனிருந்தோரும் 1980 வாக்கில் இந்த வைரஸின் வழியைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். செல் அதை ஒரு சிறு பையில் விழுங்குகிறது. எண்டோசோம் என்ற அந்த உட்பைக்குள் அமிலம் ஏறுகிறது. அமிலம் பட்டதும் வைரஸின் உறை பையின் சவ்வோடு இணைகிறது. அதன் பிறகு லிப்போசோம் எனப்படும் செயற்கைக் கொழுப்புக் குமிழிகளைத் தங்களுக்கு வேண்டிய கலவையில் தயாரித்து, எந்தக் குமிழியோடு வைரஸ் இணைகிறது என்று பார்த்தார்கள். குமிழியில் புரதமே கிடையாது, ஏற்பியும் கிடையாது. இருந்தும் அமிலச் சூழலில் வைரஸ் இணைந்தது, ஆனால் கொலஸ்ட்ரால் இருந்தால் மட்டும். மார்கரெட் கீலியனும் ஹெலனியஸும் 1984-இல் இன்னும் நுணுகிப் போய், கொலஸ்ட்ராலின் ஒரு முனையிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியை மாற்றிவிட்டால் இணைவு நடப்பதில்லை என்று கண்டார்கள். சவ்வின் விறைப்பு மட்டும் காரணமாக இருந்தால் அவ்வளவு சிறிய வேதி மாற்றம் இந்த அளவுக்குப் பாதித்திராது. இந்த வைரஸுக்கு ஸ்பிங்கோலிப்பிடும் தேவை என்பதை 1994-இல் நெதர்லாந்துக் குழு ஒன்று காட்டியது.

குமிழியில் நடப்பது உயிருள்ள செல்லில் நடக்குமா என்பது அடுத்த எதிர்ப்பு. செல்லிலிருந்து கொலஸ்ட்ராலை உறிஞ்சும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற மருந்தைக் கொண்டு செய்யப்படும் சோதனைகள் ஏராளம்; பெரும்பாலானவற்றில் வைரஸ் நுழைவது குறைகிறது. ஆனால் கொலஸ்ட்ராலைச் சடாரென்று பிடுங்கினால் சவ்வின் நூறு வேலைகள் கெடும். செல் விழுங்குவதே தடைபடலாம். அதனால் அந்தச் சோதனைகளை மட்டும் நம்பி எதையும் சொல்லிவிட முடியாது. கீலியனின் குழு இதற்கு ஓர் அழகான மாற்றுவழியைக் கண்டது. பூச்சிகளால் கொலஸ்ட்ராலைத் தயாரிக்க முடியாது, உணவிலிருந்துதான் பெறும். ஆகவே கொசுச் செல்களைக் கொழுப்பு நீக்கிய ஊட்டத்தில் வளர்த்தால், எந்த மருந்தும் போடாமலே அவற்றின் சவ்வில் கொலஸ்ட்ரால் இல்லாமல் போகும். செல்களோ நலமாக வளரும். 1991-இல் வெளியான அந்தச் சோதனையில், செம்லிகி வைரஸ் அந்தச் செல்களுக்குள் நுழைவது பெருமளவு குறைந்தது. கொலஸ்ட்ராலைத் திருப்பிக் கொடுத்ததும் நுழைந்தது. இன்னும் ஒரு படி உண்டு. கொலஸ்ட்ரால் இல்லாத செல்களிலேயே வைரஸைத் தொடர்ந்து வளர்த்து, அங்கும் பெருகக்கூடிய திரிபு ஒன்றைப் பிடித்தார்கள். அதன் மரபுக்குறியை 1998-இல் படித்தபோது, இ1 என்ற இணைவுப் புரதத்தின் 226-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. செல்லில் கொழுப்பை மாற்றினால் வைரஸ் தடுமாறுகிறது. வைரஸின் இணைவுப் புரதத்தில் ஓர் இடத்தை மாற்றினால் அந்தக் கொழுப்பின் தேவையே குறைகிறது. இரண்டு முனைகளிலிருந்தும் ஒரே முடிவுக்கு வந்து சேரும் இப்படிப்பட்ட சான்றுதான் உயிரியலில் நம்பத் தகுந்தது.

அந்த 226-ஆவது இடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கொள்ளைநோயின் கதையும் வருகிறது. 2005, 2006-இல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரைச் சிக்குன்குனியா பிடித்தது. அங்கே வழக்கமான ஏடிஸ் எஜிப்தி கொசுவைவிட ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற புலிக்கொசுவே நோயைப் பரப்பியது. பரவிக்கொண்டிருந்த வைரஸின் இ1 புரதத்தில் அதே 226-ஆவது இடத்தில் அலனின் போய் வேலின் வந்திருந்தது. அந்த ஒரு மாற்றம் வைரஸைப் புலிக்கொசுவுக்குள் பெருகவைக்கிறது என்பதை 2007-இல் செட்சார்கின் குழு நிறுவியது. அதே மாற்றம் வைரஸைக் கொலஸ்ட்ராலை அதிகம் நாடவைப்பதையும் கண்டது. அதே ஆண்டு கேரளத்தில் பரவிய வைரஸிலும் இந்த மாற்றம் இருந்தது. கொலஸ்ட்ரால் தேவை கூடியதால்தான் புலிக்கொசு வசப்பட்டது என்று சொல்லிவிட மனம் துடிக்கும். என் வாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் அதே செட்சார்கினும் உடனாய்வாளர்களும் 226-ஆவது இடத்தில் வேறு வேறு அமினோ அமிலங்களை வைத்துச் சோதித்து 2011-இல் வெளியிட்ட முடிவு அதை மறுத்தது. கொலஸ்ட்ராலை அதிகம் நாடும் திரிபுகளெல்லாம் புலிக்கொசுவில் செழிக்கவில்லை. இரண்டு பண்புகளும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன, ஒன்று மற்றதற்குக் காரணம் அல்ல. சேர்ந்து வருவதையெல்லாம் காரணம் என்று கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கை, லிப்பிடு ஆய்வுக்கு மிகவும் தேவையான எச்சரிக்கை. கொழுப்பின் பங்கை மிகைப்படுத்துவோரும் அதை மறுப்போரும் ஒருங்கே கவனிக்க வேண்டிய சான்று இது.

எபோலாவின் வரலாறும் அதையே சொல்கிறது. 2011-இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே ஒரு செய்தியை வெளியிட்டன. நீமன்–பிக் சி என்ற அரிய பரம்பரை நோயுள்ளவர்களின் செல்களை எபோலா வைரஸால் தொற்ற முடியவில்லை. அந்த நோயில் என்பிசி1 என்ற புரதம் பழுதாகி, உட்பைகளிலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேற முடியாமல் தேங்குகிறது. ஆகவே தேங்கிய கொலஸ்ட்ரால்தான் எபோலாவைத் தடுக்கிறது என்று எளிதாக முடிவு கட்டியிருக்கலாம். சோதனைகள் வேறு விடை தந்தன. கொலஸ்ட்ராலைக் கடத்தும் திறனைப் புரதம் இழந்திருந்தாலும், அதன் குறிப்பிட்ட ஒரு பகுதி சரியாக இருந்தால் எபோலா நுழைந்தது. அந்தப் பகுதியையே வைரஸ் ஏற்பியாகப் பற்றிக்கொள்கிறது. இங்கே முடிவு செய்வது புரதம்; கொழுப்பு அருகில் நின்ற சாட்சி மட்டுமே. இப்படிப்பட்ட வடிகட்டலைத் தாண்டி நிற்கும் எடுத்துக்காட்டுகளைத்தான் லிப்பிடின் கணக்கில் எழுத வேண்டும்.

அப்படி நிற்கும் ஒன்று டெங்கு. விழுங்கப்பட்ட உட்பை முதிர முதிர அதன் அமிலம் மட்டும் அல்லாமல் லிப்பிடுக் கலவையும் மாறுகிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட லிப்பிடுகள் முதிர்ந்த பைகளில் மிகுகின்றன. டெங்கு வைரஸை அமிலத்தில் வைத்தாலே போதாது, இணைவு முழுமைபெற இந்த எதிர்மின் லிப்பிடுகளும் வேண்டும் என்று செர்னோமோர்டிக்கின் குழு 2010-இல் காட்டியது. செல்லின் வெளிச்சவ்வில் செயற்கையாக அமிலத்தை ஏற்றினாலும் இணைவு முடிவதில்லை. அங்கே எதிர்மின் லிப்பிடைச் சேர்த்தால் முடிகிறது. இதனால் வைரஸுக்கு என்ன ஆதாயம்? பை செல்லின் ஓரத்தில் இருக்கும்போதே மரபுப்பொருளைக் கொட்டிவிடாமல், உள்ளே ஆழமாகப் போன பின்பு கொட்ட முடிகிறது. எங்கே வந்திருக்கிறோம் என்பதை வைரஸ் அறிந்துகொள்ளும் அடையாளமாக லிப்பிடு இங்கே செயல்படுகிறது. பெரியம்மை வைரஸின் உறவான வாக்சினியா இதையே மறுபுறம் திருப்பிப் பயன்படுத்துகிறது. சாகும் செல்லின் வெளியடுக்கில் தோன்றும் பாஸ்பட்டிடைல்செரினைத் தன் உறையில் ஏந்திவருகிறது. செத்த செல்லின் துணுக்கு என்று நினைத்துச் செல் அதை விழுங்குகிறது. மெர்சரும் ஹெலனியஸும் 2008-இல் வாக்சினியாவின் உறை லிப்பிடுகளை நீக்கியபோது தொற்று நின்றது. பாஸ்பட்டிடைல்செரினைத் திருப்பிச் சேர்த்தபோது மீண்டது. டெங்குவும் எபோலாவும்கூட இந்த லிப்பிடை அடையாளம் காணும் செல் ஏற்பிகளைப் பயன்படுத்திக்கொள்வது பின்னர் தெரிந்தது.

உறை உள்ள வைரஸ்களுக்கு இது சரி. கொழுப்பே இல்லாத வைரஸ்களுக்கு என்ன பதில் என்று கேட்கலாம். உறையில்லாத வைரஸ் இணைய முடியாது, ஏனென்றால் இணைக்க அதனிடம் சவ்வு இல்லை. ஆனாலும் செல்லின் சவ்வைக் கடந்துதான் ஆக வேண்டும். குரங்குகளில் காணப்பட்ட எஸ்வி40 வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பியே ஒரு லிப்பிடுதான். ஜிஎம்1 என்ற கேங்கிளியோசைடு அது. தலையில் சர்க்கரைச் சங்கிலியும் கீழே கொழுப்பு வால்களும் கொண்டது. வைரஸின் கூட்டில் இதைப் பிடிக்கும் இடங்கள் 360 உண்டு. ஒரே நேரத்தில் பல ஜிஎம்1-களைப் பிடித்து இழுப்பதால் சவ்வே உள்பக்கம் குழிந்து வைரஸைச் சூழ்கிறது. இங்கே சர்க்கரைத் தலைதானே பிடிபடுகிறது, கொழுப்பு வாலுக்கு என்ன வேலை என்ற ஐயத்துக்கும் சோதனை விடை சொன்னது. 2010-இல் வெளியான ஆய்வில் ஜிஎம்1-இன் தலையை அப்படியே வைத்து வாலை மட்டும் குட்டையாக்கினார்கள். வைரஸ் வந்து ஒட்டியது, சவ்வு சரியாகக் குழியவில்லை, தொற்றும் நடக்கவில்லை. ஒட்டுவதற்குத் தலை போதும், உள்ளே போவதற்கு வால் வேண்டும். பற்றிக்கொள்வதும் நுழைவதும் வேறு வேறு நிகழ்ச்சிகள் என்பதை இந்த ஒரு சோதனை கச்சிதமாகப் பிரித்துக் காட்டுகிறது.

கொழுப்பு உண்மையிலேயே இவ்வளவு முக்கியம் என்றால் நம் உடலும் அதை அறிந்திருக்க வேண்டும்; வைரஸை எதிர்க்கும்போது அந்த இடத்தில் கைவைக்க வேண்டும். அறிந்திருக்கிறது, கைவைக்கவும் செய்கிறது. வைரஸ் வந்ததை உணர்ந்த செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தை வெளியிடுகின்றன. அதன் தூண்டுதலால் ஒரு நொதி கொலஸ்ட்ராலை 25-ஹைட்ராக்சிகொலஸ்ட்ராலாக மாற்றுகிறது. இந்தப் பொருள் உறையுள்ள பல வைரஸ்களின் இணைவைத் தடுப்பதை 2013-இல் கண்டார்கள். கொரோனாவையும் தடுக்கிறது என்று 2020-இல் காட்டினார்கள். அது செல்லின் வெளிச்சவ்வில் எளிதில் எட்டக்கூடிய நிலையிலிருக்கும் கொலஸ்ட்ராலை உள்ளே ஒதுக்கிவிடுகிறது. இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் இன்னொரு புரதம் ஐஎஃப்ஐடிஎம்3. 2009-இல் இன்ஃப்ளூயன்சா, டெங்கு ஆகியவற்றைத் தடுக்கும் புரதமாக அடையாளம் காணப்பட்ட இது உட்பைகளின் சவ்வில் அமர்ந்து, அதை வளைய விடாமல் செய்து, இணைவு முழுமை பெறுவதைத் தடுக்கிறது. இந்தப் புரதம் இல்லாத எலிகளை இன்ஃப்ளூயன்சா கடுமையாகத் தாக்குகிறது. பரிணாமம் பல கோடி ஆண்டுகளாக நடத்திய போரில் உடல் தேர்ந்தெடுத்த களங்களுள் சவ்வின் கொழுப்பும் ஒன்று என்பது, ஆய்வகச் சான்றுகளுக்கு மேலான ஒரு சான்று.

இதைப் படிப்பவருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால், அல்லது எண்ணெயைக் குறைத்தால், வைரஸ் வராதா? அப்படி நினைக்க இடமில்லை. இரத்தப் பரிசோதனையில் தெரியும் கொலஸ்ட்ரால் இரத்தத்தில் பயணிக்கும் துகள்களில் இருப்பது. சவ்விலுள்ள கொலஸ்ட்ராலை ஒவ்வொரு செல்லும் தானே தயாரித்தும், இரத்தத்திலிருந்து எடுத்தும், ஒரு சீரான அளவில் நிறுத்திக்கொள்கிறது. வெளியே குறைந்தால் உள்ளே உற்பத்தியைக் கூட்டும். கொரோனா காலத்தில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் மீது நம்பிக்கை எழுந்தது. ஈரானிய மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளுக்கு அட்டார்வாஸ்டாட்டின் கொடுத்து நடத்திய சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தீவிர நோயில் பிழைப்பதைத் தீர்மானிப்பது வைரஸின் நுழைவு மட்டும் அல்ல என்பதால், லிப்பிடின் பங்கை இந்த முடிவு பொய்யாக்கிவிடவில்லை. ஆனால் ஆய்வகத்தில் உண்மையானது மாத்திரையில் அப்படியே பலிக்காது என்பதை இது நினைவூட்டுகிறது.

அப்படியானால் இந்த அறிவால் என்ன பயன்? தடுப்பூசியும் பெரும்பாலான வைரஸ் மருந்துகளும் வைரஸின் புரதங்களைக் குறிவைக்கின்றன. புரதங்களை வைரஸ் தன் மரபுக்குறியைத் திருத்தி மாற்றிக்கொள்ளும். லிப்பிடுகளின் மரபுக்குறி வைரஸிடம் இல்லை. அவை செல்லின் உடைமை. ஆகவே அங்கே வைக்கும் தடையைத் தாண்டுவது வைரஸுக்குக் கடினமாக இருக்கும், ஒரே தடை பல வைரஸ்களைப் பிடிக்கும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. முடியவே முடியாது என்று சொல்வது மிகை. கொலஸ்ட்ரால் இல்லாமலே வாழப் பழகிய செம்லிகி வைரஸ் அதற்கு ஓர் அமினோ அமில மாற்றத்தையே விலையாகக் கொடுத்தது. சவ்வின் கொழுப்பில் கைவைத்தால் நம் செல்லும் அல்லற்படும். இந்த இரண்டு தடைகளையும் கடக்கும் வழியை உடலே காட்டியிருக்கிறது என்பதுதான் என் முடிவு. இன்டர்ஃபெரான் கொலஸ்ட்ராலை உடல் முழுவதும் ஒழிக்கவில்லை. தொற்று வந்த இடத்தில், தொற்று நடக்கும் நாட்களில், வைரஸ் எட்டக்கூடிய அந்தச் சிறு பங்கை மட்டும் ஒதுக்குகிறது. அதோடு நில்லாமல் ஐஎஃப்ஐடிஎம்3 போன்ற வேறு தடைகளையும் சேர்த்தே எழுப்புகிறது. இடமறிந்து, காலமறிந்து, பல தடைகளைக் கூட்டி வைக்கும் அந்த முறையைப் பின்பற்றும் மருந்துகளைத் தேட வேண்டும். அதற்கு முதல் தேவை, எந்த வைரஸ் எந்தச் சவ்வில் எந்த லிப்பிடை நம்பியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதிவைப்பது. சிக்குன்குனியாவும் டெங்கும் ஆண்டுதோறும் திரும்பிவரும் நாடுகளுக்கு அந்தப் பட்டியல் ஏட்டு அறிவாக மட்டும் இருந்துவிடாது.